மலையிலிருந்து ஆவ் நாங்: இருவருக்கு நான்கு இரவு

டிக்கெட் விலை பார்க்கும் முன் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பாருங்கள். ஆவ் நாங், தாய்லாந்தின் தெற்கே அந்தமான் கடலோரம் கிராபி மாகாணத்தில் இருக்கிற கடற்கரை ஊர். முதுகில் பையைப் போட்டுக்கொண்டு வரும் சோடிகள் மூன்று நான்கு நாள் தங்கிப் போகிற இடம். அங்கே உங்கள் நாட்கள் எப்படிக் கழியும் என்பதை ஹோட்டலைவிட மாதமும் பிறையும்தான் தீர்மானிக்கும். மலிவாக டிக்கெட் கிடைத்த தேதிக்குக் கிளம்பிப் போய், சிவப்புக் கொடி பறக்கும் கரையில் நாலு நாளும் குடை பிடித்து நிற்பவர்களுக்குக் குறைவில்லை.

எந்த மாதம், எந்தப் பிறை

மே மாதம் இலங்கை மலையகத்தில் நோர்வூட்டிலும் கினிகத்தேனையிலும் விடாமல் பெய்யத் தொடங்கும் அதே தென்மேல் பருவக்காற்றுதான் கிராபிக் கரையிலும் போய் மோதுகிறது. ஹட்டன், மஸ்கெலியா பக்கத்து ஆட்களுக்கு இதனால் ஒரு சுலபமான கணக்கு உண்டு: இங்கே மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கும் மாதங்களில் அங்கே கடலில் இறங்க முடியாது. பதுளை, பண்டாரவளைக்காரர் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். ஊவாப் பக்கம் நல்ல மழை கொட்டும் டிசம்பரில் கிராபியில் வெயில் அடிக்கும்.

தீபாவளி லீவு தோதாகத் தெரியும், ஆனால் செப்டெம்பரும் ஒக்டோபரும்தான் அங்கே மிக ஈரமான காலம். நத்தாரிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை வானம் தெளிவு, அறை வாடகையோ இரண்டு மடங்கு. தைப்பொங்கல் முடிந்த பிறகு மார்ச் கடைசி வரை உள்ள இரண்டரை மாதம்தான் நம் தெரிவு: கடல் அமைதி, விலையும் மெல்ல இறங்கும். ஏப்ரல் 13 முதல் 15 வரை அவர்களுக்கும் புத்தாண்டு. சொங்க்ரான் என்று சொல்லி வீதியில் போகிறவர்கள் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். வேடிக்கைதான், ஆனால் கைத்தொலைபேசியைப் பொலித்தீனில் கட்டாமல் வெளியே இறங்கக் கூடாது.

அடுத்தது பிறை. இலங்கையைச் சுற்றி, கடல் இறங்கும் வற்றுக்கும் ஏறும் பெருக்குக்கும் இடையே கடல் மட்டம் ஒரு மீற்றர்கூட மாறுவதில்லை. நீர்கொழும்பிலோ நிலாவெளியிலோ கடல் பார்த்தவர்களுக்கு அதனால் வற்று, பெருக்கு என்பது வெறும் சொல். கிராபியில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் அந்த வித்தியாசம் இரண்டரை மீற்றரைத் தொடும். காலையில் படகு நின்ற இடத்தில் பின்னேரம் சேறும் பாறையும் தெரியும். பெருக்கிலிருந்து வற்றுக்கு ஆறு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. ஒவ்வொரு நாளும் நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்திப் போகும்.

இதை ஏன் வீட்டிலேயே பார்க்க வேண்டும் என்றால், ஆவ் நாங்கிலிருந்து படகில் போகும் நான்கு தீவுச் சுற்றில் ‘தலே வேக்’ என்றொரு இடம் இருக்கிறது. கடல் இரண்டாகப் பிரிந்து, தீவுக்குத் தீவு நடந்து போக மணல் திட்டு வெளியே வரும். வற்று நேரத்தில் மட்டும். பௌர்ணமிக்கோ அமாவாசைக்கோ இரண்டு மூன்று நாள் முன்பின்னாகப் போனால் திட்டு நன்றாகத் தெரியும். அரைப்பிறை நாட்களில் முழங்கால் தண்ணீரில் நடப்பதோடு சரி. தங்கும் நான்கு நாட்களுக்குள் ஒரு போயா, அதாவது பௌர்ணமி, விழும்படி தேதி வைத்துவிட்டு, இணையத்தில் கிராபிக்கான கடல்மட்ட அட்டவணையை எடுத்து, வற்று நேரம் பகல் 10 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் வரும் நாளைச் சுற்றுக்கு ஒதுக்குங்கள்.

தாள்கள்

2024 ஜூலை 15 முதல் விசா இல்லாமல் 60 நாள் தங்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் தாய்லாந்து இலங்கையையும் சேர்த்தது. இந்த விதிகள் அடிக்கடி மாறுகிறவை. டிக்கெட்டுக்குக் காசு கட்டும் அன்றே தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பாருங்கள். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும்.

நம் ஆட்களுக்கு வழக்கமாகச் சிக்கல் வருவது பெயரில்தான். தோட்டத்தில் பதிந்த பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, கல்யாணப் பதிவில் மூன்றாவது. டிக்கெட் போடும்போது இவை எதையும் பார்க்காதீர்கள். கடவுச்சீட்டில் ஆங்கிலத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து. குடும்பப் பெயருக்கான கட்டத்தில் தகப்பன் பெயர் இருந்தால் டிக்கெட்டிலும் அதே கட்டத்தில் அதுதான். மனைவியின் கடவுச்சீட்டில் இன்னும் அப்பா பெயர் இருந்தால் டிக்கெட்டில் புருஷன் பெயரைப் போடக் கூடாது. மலிவு டிக்கெட்டுகளில் பெயர் திருத்தக் கேட்கும் கட்டணம் சில வேளை டிக்கெட் விலையையே எட்டும்.

2025 மே 1 முதல் தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள், ஆளுக்கு ஒன்று, முற்றிலும் இலவசம். காசு கேட்கும் தளம் போலித் தளம். மூடிவிட்டு, குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தைத் தேடுங்கள்.

தாய்லாந்து வழியாக மியன்மாரின் இணைய மோசடி முகாம்களுக்கு இலங்கை இளைஞர்கள் கொண்டுபோகப்பட்ட பிறகு, இளம் வயதுப் பயணிகளைக் கட்டுநாயக்க விமான நிலையத்திலும் பாங்கொக்கிலும் நிறுத்திக் கேள்வி கேட்பது வழக்கமாகிவிட்டது. பதற வேண்டாம். திரும்பும் டிக்கெட், இரண்டு பேர் பெயரும் உள்ள அறைப் பதிவு, வேலையிடத்து லீவுக் கடிதம், கையிலுள்ள பணம் ஆகிய நான்கையும் ஒரே உறையில் தாளாகவே வைத்திருங்கள். தொலைபேசியில் தேடிக்கொண்டு நின்றால் வரிசையும் நீளும், சந்தேகமும் நீளும். ஆளுக்கு 20,000 பாத்துக்கு (தாய்லாந்துப் பணம்) ஈடான பணத்தைக் காட்ட முடிந்தால் எந்தக் கேள்விக்கும் தாங்கும். அரசாங்க ஆசிரியர்கள் வெளிநாட்டு லீவுக்கான அனுமதியை முன்கூட்டியே எடுக்க வேண்டும். வலயக் கல்விக் காரியாலயத்தில் அதற்கு எடுக்கும் நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கட்டுநாயக்க வரை, அதற்கு அப்பால்

ஹட்டனிலிருந்து கித்துல்கல, அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம் என்று வையுங்கள். கோட்டையிலிருந்து விமான நிலையத்துக்கு 187ஆம் இலக்க பஸ் போகிறது. விமானம் எத்தனை மணிக்கு இருந்தாலும் முதல் நாள் பின்னேரத்துக்குள் கீழே இறங்கிவிடுவது நல்லது. மலைப்பாதையில் ஒரு மரம் விழுந்தாலே மூன்று மணித்தியாலம் போய்விடும், மண் சரிந்தால் அந்த நாளே போய்விடும். ரயிலை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கினால் விமான நிலையம் பத்துக் கிலோமீற்றர் அளவில்தான்.

கொழும்பிலிருந்து பாங்கொக், அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் கிராபி. இதுதான் நேரான வழி. பொறி எங்கே என்றால், பாங்கொக்கில் விமான நிலையம் இரண்டு. ஸ்ரீலங்கன் இறங்குவது சுவர்ணபூமியில், மலிவு விமானங்கள் பல கிளம்புவது டொன் மியாங்கிலிருந்து. இரண்டுக்கும் நடுவே இலவச பஸ் ஓடுகிறது, அடுத்த டிக்கெட்டைக் காட்டினால் ஏற்றுவார்கள். நெரிசலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். விமான நிலையம் மாற வேண்டியிருந்தால் நடுவே ஆறு மணித்தியாலம் விடுங்கள். கோலாலம்பூர் வழியாக விலை குறைவாகக் காட்டும், ஆனால் இலங்கையர் மலேசியாவுக்குள் நுழைய விசா வேண்டும். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்து, பெரிய பையையும் ஏற்றியிருந்தால், அதை எடுத்து மறுபடி கொடுக்கக் குடிவரவைத் தாண்டி வெளியே வர வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

காசு மிச்சம் பிடிக்க நினைத்தால், பாங்கொக்கின் தெற்குப் பேருந்து நிலையத்திலிருந்து கிராபிக்கு இரவு பஸ் உண்டு. சுமார் 12 மணித்தியாலம். குளிரூட்டியை நுவரெலியாவின் ஜனவரி அளவுக்கு வைப்பார்கள். வீட்டில் விட்டுப்போக நினைத்த ஸ்வெட்டரில் ஒன்றை மட்டும் இதற்காகக் கொண்டுபோங்கள்.

பை

மலிவு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக ஆளுக்கு 7 கிலோ. இரண்டு பேருக்கு 14 கிலோ, நான்கு இரவுக்குத் தாராளம். வெறும் பை ஒரு கிலோ, துணி இரண்டரை, மற்றதெல்லாம் இரண்டு. மிச்சத்தைத் திரும்பும்போது சேரும் சாமான்களுக்கு விடுங்கள். மெல்லிய பருத்தி மேற்சட்டை மூன்று, கீழுக்கு இரண்டு, ஒரு சாரம். துவாய்க்குப் பதில் சாரம்தான் நல்லது: சீக்கிரம் காயும், படகில் போர்த்தலாம், கோயிலில் முழங்காலை மறைக்கலாம். கடலில் இறங்க நீளக்கை ரீ-சேர்ட். நம் தோல் கறுக்காது என்று நினைக்கிறவர்கள்தான் இரண்டாம் நாள் தோள்பட்டை எரிந்து மல்லாந்து படுக்க முடியாமல் கிடப்பார்கள். 1,200 மீற்றர் உயரத்து வெயில் வேறு, தண்ணீரில் பட்டுத் திரும்பி அடிக்கும் வெயில் வேறு.

தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களில் பவளப்பாறையைக் கெடுக்கும் வெயில் கிறீம்களுக்கு 2021இல் தடை வந்தது. ஒக்ஸிபென்சோன், ஒக்டினொக்ஸேட் என்ற பெயர்கள் போத்தலில் இருந்தால் அதை வாங்காதீர்கள். தண்ணீர் புகாத சுருட்டுப்பை பத்து லீற்றரில் ஒன்று கட்டாயம். ஆவ் நாங்கிலும் விற்கிறார்கள். சார்ஜருக்கு இடைச்செருகி வேண்டும், ஏனென்றால் நம் சதுர மூன்று முள் அங்கே சொருகாது. தட்டை இரண்டு முள், உருண்டை இரண்டு முள் இரண்டையும் அவர்கள் சுவர் ஏற்கும். மின்னழுத்தம் நம்முடையதேதான். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெரிய பையில் வைக்கக் கூடாது. மின்சிகரெட் தாய்லாந்தில் சட்டவிரோதம், வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நூறு கிராம் தேயிலை. இது ஆடம்பரம் மாதிரித் தெரியும், ஆனால் அங்கே தேநீர் கேட்டால் செம்மஞ்சள் நிறத்தில் டின்பால் ஊற்றி ஐஸ் நிரப்பிய ஒன்றைத் தருவார்கள். அதுவும் நல்லாத்தான் இருக்கும், ஆனால் காலையில் அதுவா குடிப்பது? அறையில் கேத்தல் இருக்கும். பி.ஓ.பி.எஃப் என்ற வகைத் தேயிலைத் தூளைச் சின்னத் துணிப்பையில் கட்டிக்கொண்டு போனால் வடிதட்டு தேவையில்லை.

பணம்

பாத்தைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ நம் ரூபாக் கணக்கு வரும். கொஞ்சம் கூடவே காட்டும், அது நல்லதுதான். இலங்கை ரூபாவைக் கொண்டுபோய் அங்கே மாற்றப் பார்த்தால் நட்டம். கொழும்பிலேயே பாத் வாங்குங்கள், அல்லது மடிப்பும் கறையும் இல்லாத 100 டொலர் தாள்களாக எடுத்துப் போங்கள். சின்னத் தாள்களுக்குக் குறைந்த விலைதான் தருவார்கள். அங்கே ஏ.டி.எம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாத்துக்கு மேல் கட்டணம் கழியும். எனவே ஆயிரம் ஆயிரமாக எடுக்காதீர்கள்.

இருவருக்கு நான்கு இரவு, ஆவ் நாங்கில் இறங்கியதிலிருந்து ஏறும் வரை இப்படி வரும். குளிரூட்டிய எளிய அறை இரவுக்கு 1,000 வீதம் 4,000. சாப்பாடு நாளுக்கு 800 வீதம் 3,200. விமான நிலைய பஸ் ஆளுக்கு 150, போக வர 600. பக்கத்துக் கரையான ராய்லேக்குப் படகு இருவருக்கும் போக வர 400. நான்கு தீவுச் சுற்று ஆளுக்கு 500, தேசியப் பூங்காக் கட்டணம் ஆளுக்கு 200, ஆக இருவருக்கு 1,400. ஒரு மணித்தியால மசாஜ் ஆளுக்கு 300 வீதம் 600. கைச்செலவுக்கு 1,000. கூட்டினால் 11,200 பாத். ஃபேன் மட்டும் உள்ள அறை எடுத்து, மசாஜை விட்டால் 9,000க்குள் முடிக்கலாம். ஆனால் குளிரில் வளர்ந்த உடம்புக்கு முதல் இரண்டு இரவு ஃபேன் போதாது. மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள்.

இறங்கி, அறைக்கு

கிராபி விமான நிலையத்தில் வெளியே வரும் வழியிலேயே பஸ் டிக்கெட் மேசை இருக்கிறது. ஹோட்டல் பெயரைச் சொன்னால் வாசலிலோ பக்கத்திலோ இறக்குவார்கள். டாக்சி 600 பாத் அளவில், நான்கு பேர் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். கிராபி டவுனிலிருந்து வருவதென்றால் வெள்ளை நிற சொங்தேவ், அதாவது பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட சின்ன லொறி, 50 அல்லது 60 பாத். மணியை அமத்தினால் நிற்கும், இறங்கிப் போய்ச் சாரதியிடம் காசு கொடுக்க வேண்டும்.

கடலைப் பார்த்த அறை வேண்டாம். கரையோர வீதியில் இரவு பன்னிரண்டு வரை பாட்டுச் சத்தம், விலையும் கூட. கரையிலிருந்து மேலே ஏறும் வீதியில் பத்து நிமிட நடை தூரத்தில் எடுத்தால் பாதி விலை. இன்னும் அமைதி வேண்டுமென்றால் வடமேற்கே அடுத்த கரையான நொப்பரத் தாரா. அந்தப் பெயர் நம் நவரத்தினம்தான், தாய் வாயில் புகுந்து வந்திருக்கிறது. அங்கே வற்று நேரத்தில் எதிரே உள்ள குட்டிப் பாறைத் தீவுகளுக்கு மணலில் நடந்து போகலாம். திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். பெருக்கு ஏறத் தொடங்கினால் நடந்த வழி கண்ணுக்கு முன்னாலேயே மறையும்.

ஹோட்டலில் இரண்டு கடவுச்சீட்டையும் படியெடுப்பார்கள். கல்யாணச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை.

படகில் ஏறுவது

ஆவ் நாங் கரையில் குளிப்பது பெரிய விசேஷமில்லை. படகுகளும் அலைச்சலுமாக இருக்கும். குளிக்க ராய்லேக்குப் போங்கள். ராய்லே தீவில்லை, ஆனால் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் அடைத்திருப்பதால் வீதி கிடையாது. பின்னால் நீண்ட தண்டோடு இயந்திரம் பூட்டிய நீள்வால் படகில் கால் மணித்தியாலம்.

கரையிலுள்ள டிக்கெட் கூடத்தில் இடத்தையும் விலையையும் பலகையில் எழுதியிருப்பார்கள். பேரம் இல்லை. ஆளுக்கு ஒரு வழி 100 பாத், பின்னேரம் 6 மணிக்குப் பிறகு 150. எட்டுப் பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். காலை 9 மணிக்குப் பத்து நிமிடத்தில் சேர்ந்துவிடும். ஆளில்லாத நேரத்தில் அவசரமென்றால் மிச்ச இருக்கைகளின் காசையும் நீங்களே கட்ட வேண்டும்.

கூப்பிட்டதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுங்கள், காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டுங்கள். தொலைபேசி சுருட்டுப்பைக்குள், பையின் வாயை மூன்று சுற்றுச் சுற்றிக் கொக்கி போட்டபடி. படகு கரையில் ஏறி நிற்காது. தொடையளவுத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் சின்ன ஏணி தொங்கும். அலை வந்து படகைத் தூக்கும்போது ஏணியைத் தொடாதீர்கள். அலை பின்வாங்கிப் படகு தாழும் நொடியில் இடது காலை முதல் படியில் வைத்து, இரண்டு கையாலும் பக்கச் சட்டத்தைப் பிடித்து ஏறுங்கள். ஒருவர் ஏறிய பிறகு மற்றவர் பைகளைக் கொடுத்துவிட்டு ஏறுவது. இருவரும் ஒன்றாக ஏறப் போனால் படகு சாய்ந்து, ஏணி முழங்கால் எலும்பில் அடிக்கும். முன்முனையில் வண்ணத் துணியும் பூமாலையும் கட்டியிருப்பார்கள். அது படகின் காவல் தெய்வத்துக்கு. நம் லொறிக்காரர் முகப்பில் எலுமிச்சம்பழம் கட்டுவது போலத்தான். அதன்மேல் கால் வைக்காதீர்கள், உட்காரவும் வேண்டாம்.

நடு இருக்கையில் உட்காருங்கள். முன்னால் அலை அடித்து முதுகு உலுக்கும், பின்னால் இயந்திரம் காதைக் கிழிக்கும். மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் வாந்தி வரும் ஆளென்றால் இங்கேயும் வரும். ஏறுவதற்கு முக்கால் மணித்தியாலம் முன் மாத்திரை போடுங்கள், ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. டைமென்ஹைட்ரினேட் என்று கேட்டால் அங்குள்ள மருந்துக் கடையில் கிடைக்கும்.

ராய்லேயில் ஒரு நாள்

இறங்குவது மேற்குக் கரையில். அங்கேயே விரிப்பைப் போடாமல், கிழக்குக் கரைக்குக் குறுக்கே நடந்து, பாறையடியில் போகும் ஒற்றையடிப் பாதையில் பிரா நாங் கரைக்குப் போங்கள். சுற்றுலாப் படகுகள் கூட்டம் கூட்டமாக வந்து சேரும் முன், காலை பத்துக்குள் போய்விட்டால் கரை காலியாக இருக்கும். ஓரத்துக் குகையில் பிரா நாங் என்ற பெண் தெய்வத்துக்கு மீனவர்கள் மரத்தில் செய்த லிங்கங்களைக் காணிக்கையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே படமெடுக்கும் வெளிநாட்டுக்காரர் கூட்டத்தில் நீங்களும் சேர வேண்டாம். அவர்களுக்கு அது கோயில்.

அந்த ஒற்றையடிப் பாதையில் குரங்குகள் உண்டு. கையில் பொலித்தீன் பை தெரிந்தால் பறிக்கும். சாப்பாடு பைக்குள், சிப்பை இழுத்து மூடியபடி. மத்தியானச் சாப்பாட்டைப் பிரா நாங்கில் படகிலேயே சமைத்து விற்பார்கள், விலை கொஞ்சம் கூட. வெயில் உச்சிக்கு வரும்போது கிழக்குக் கரைக்கு வந்தால் நிழல் கிடைக்கும். அந்தப் பக்கம் அலையாத்தி மரமும் சேறும், குளிக்கிற இடமில்லை. இடையில் செங்குத்தாக ஏறும் செம்மண் பாதையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காட்சிமுனைக்குப் போகலாம். சிவனொளிபாதமலை ஏறிய கால்தானே என்று செருப்போடு ஏறாதீர்கள். அங்கே படி இல்லை, வழுக்கும் வேரும் களிமண்ணும்தான். முதல் நாள் மழை பெய்திருந்தால் விட்டுவிடுங்கள். பின்னேரம் மூன்றுக்குப் பிறகு மேற்குக் கரையில் குளித்துவிட்டு, ஐந்தே காலுக்குள் படகுக் கூடத்துக்கு வந்துவிட வேண்டும். சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு வருவோம் என்று நின்றால் இரவு விலையும் கொடுத்து, எட்டுப் பேர் சேரும் வரை இருட்டில் காத்தும் நிற்க வேண்டியிருக்கும்.

நான்கு தீவு

போடா, கோழித் தீவு, துப், மோர். காலை எட்டரை அளவில் கிளம்பி, பின்னேரம் மூன்று நாலுக்குத் திரும்பும். முதல் நாள் பின்னேரம் வானத்தைப் பார்த்துவிட்டுப் பதியுங்கள், ஊரிலிருந்தே இணையத்தில் காசு கட்ட வேண்டாம். வீதிக்கு வீதி முகவர் கடை இருக்கிறது, எல்லாருமே ஒரே சில படகுக்காரருக்குத்தான் ஆள் அனுப்புகிறார்கள். கேட்க வேண்டியது: பூங்காக் கட்டணம் விலைக்குள்ளா வெளியேயா, ஆளுக்கொரு மிதப்புச் சட்டை இருக்கிறதா, தலே வேக்கில் எத்தனை மணிக்கு நிற்கும். கடைசிக் கேள்விக்கான பதிலை உங்கள் கையிலுள்ள வற்று நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பீ பீ தீவையும் மாயா விரிகுடாவையும் நான்கு இரவுக்குள் திணிக்க வேண்டாம் என்பது நம் கருத்து. பூங்காக் கட்டணம் மட்டும் ஆளுக்கு 400 பாத். மாயாவில் நீந்தவும் விடுவதில்லை. 2018இல் மூடி 2022 ஜனவரியில் திறந்த பிறகு கரையோரம் கால் நனைப்பதோடு சரி, வருடா வருடம் ஆகஸ்ட், செப்டெம்பரில் மறுபடி மூடிவிடுகிறார்கள்.

கடல் தெரியாதவருக்கு

தோட்டத்து ஆற்றில் குளித்துப் பழகியவர் பலருக்கும் கடலில் நீந்தத் தெரியாது. வெட்கப்படாமல் மிதப்புச் சட்டையைக் குளிக்கும்போதும் போட்டுக்கொள்ளுங்கள். படகுக்காரர் கழற்றி வை என்று சொல்வதில்லை. சிவப்புக் கொடி பறந்தால் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். இழுவை நீர் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி நேராக நீந்தக் கூடாது. கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுப்பு விட்டுவிடும்.

சொறிமுட்டை, அதாவது ஜெலிமீன், பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். வினாகிரியை அரை நிமிடம் தொடர்ந்து ஊற்றுங்கள். சில கரைகளில் இதற்கென்றே கம்பத்தில் வினாகிரிப் போத்தல் வைத்திருப்பார்கள். சிறுநீர் ஊற்றச் சொல்லும் அறிவுரை எங்கேயாவது காதில் விழும், கேட்காதீர்கள். மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ 1669க்கு அம்புலன்ஸ். களவு, ஏமாற்று என்றால் சுற்றுலாப் பொலிஸ் 1155. இரத்தம் குடிக்கும் அட்டை இல்லாத ஊர் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். மாலையில் நுளம்பும் மணல் ஈயும் உண்டு.

சாப்பாடு

கிராபியில் முஸ்லிம்கள் நிறையப் பேர், ஹலால் கடைகளுக்குக் குறைவில்லை. வண்டியில் சுடும் ரொட்டி நம் வீச்சு ரொட்டியின் தம்பி. வாழைப்பழம் வைத்து டின்பால் ஊற்றித் தருவார்கள், 40 முதல் 60 பாத். ‘காவ் மொக் காய்’ கேட்டால் மஞ்சள் சோற்றில் கோழி, புரியாணிக்குச் சொந்தம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ‘மை ஆவ் நுவா’ என்று சொல்ல வேண்டும், முக்கியமாக மஸ்ஸமான் கறியில். சைவக்காரருக்குத்தான் கஷ்டம். மரக்கறி வறுவலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள், சிப்பிச் சாறும் சேர்ப்பார்கள். வெறுமனே மரக்கறி என்று சொன்னால் போதாது. ‘கின் ஜே’ என்று சொன்னால் மீனும் முட்டையும் சேராது என்று புரிந்துகொள்வார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடை அந்த வகைதான். கரையோர உணவகத்தில் 200 பாத் கேட்கும் அதே சாப்பாடு, மேலே போகும் வீதியில் ஊர்க்காரர் சாப்பிடும் கடையில் 70, 80.

ஸ்கூட்டர் வேண்டாம். ஆவ் நாங்கில் எல்லாமே நடை தூரம், மிச்சத்துக்கு சொங்தேவ் ஓடுகிறது. எடுத்தே ஆகவேண்டுமென்றால் ஓட்டோமொபைல் சங்கத்தில் சர்வதேச அனுமதிப்பத்திரத்தை மோட்டார் சைக்கிள் வகைக்கும் சேர்த்து எடுங்கள். அது இல்லாமல் விழுந்தால் காப்புறுதி கைவிட்டுவிடும். கடவுச்சீட்டை அடகு வைக்கச் சொன்னால் வேறு கடை பாருங்கள்.

கடைசி நாள்

உடுப்புத் தோய்க்கக் கிலோவுக்கு 40 முதல் 60 பாத். மூன்றாம் நாள் காலை கொடுத்தால் நான்காம் நாள் காய்ந்து மடித்துக் கிடைக்கும். கிளம்பும் நாளில் கொடுத்தால் ஈரத்தோடுதான் வரும். விமான நிலைய பஸ்ஸை முதல் நாளே ஹோட்டலில் சொல்லிப் பதியுங்கள். சில்லறை பாத்தை எந்த நாணய மாற்றுக்காரரும் திருப்பி எடுப்பதில்லை. கடைசி ரொட்டிக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் கொடுத்து முடியுங்கள். காலையில் கடைசிக் குளியல் வேண்டாம். உப்பு நீரில் நனைந்த உடுப்பைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு தலவாக்கலைக்கு வந்து சேர்ந்தால், மூட்டத்தில் ஒரு வாரம் தொங்கினாலும் அது காயாது.